கார்டு, எடைமேடை, கிளாஸ்: முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கு ஓஓபியையும் பேச்சையும் ஒரே வகுப்பில் கற்றுக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் பொறியியல் படிக்கக் கிளம்புகிறார்கள். சிலருக்கு யூஎஸ்எம்மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் இங்கேயே கிடைத்துவிடும். மற்றவர்கள் பெர்லிஸ், ஸ்கூடாய், பத்து பஹாட், ஏதாவது ஒரு பொலிடெக்னிக் என்று சிதறிப் போகிறார்கள். முதல் செமெஸ்டர் முடிந்து வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு புகார்கள் இருக்கும். ஒன்று, "ப்ரோக்ராமிங் மண்டையில ஏறல." இன்னொன்று, "ப்ரெசென்டேஷன்னா கை காலெல்லாம் நடுங்குது."

முதல் புகாருக்கு டியூஷனும் இரண்டாவதுக்கு ஆங்கில வகுப்பும் தேடுவது வழக்கம். இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி. ஓஓபி, அதாவது ஆப்ஜெக்ட் முறையில் நிரல் எழுதுவதென்றால் யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பிரித்துக்கொடுப்பதுதானே. அதை வாயால் சொல்ல வராத மாணவனுக்குக் கீபோர்டிலும் வராது. இந்த முறை பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிரிஸ்டன் நீகார்டும் 1960களில் உருவாக்கிய சிமுலா மொழி, நிரல் எழுத மட்டுமன்றி ஓர் அமைப்பை மனிதர்களுக்கு விவரிக்கவும் வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தது. பிறகு ஸ்மால்டாக்கை உருவாக்கிய ஆலன் கே, ஆப்ஜெக்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதுதான் இதன் உயிர் என்று சொல்லி வந்தார்.

கல்லூரி இரண்டையும் மதிப்பெண்ணாகக் கேட்கும் என்பது இன்னொரு காரணம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பினர். அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டப்படிப்புகள் மாணவரின் தொடர்புத் திறனையும் குழுவேலையையும் கட்டாயம் மதிப்பிட வேண்டும்.

இந்த வழிகாட்டி விடுமுறையில் வகுப்பு நடத்த முன்வரும் அண்ணன்கள், அக்காக்கள், ஆசிரியர்களுக்கானது. எட்டு சனிக்கிழமை, வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன்

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். எல்லாரும் ஒவ்வொரு வாரமும் வாய் திறந்து பேச வேண்டும், அதற்கு மேல் போனால் நேரம் போதாது. இடம் தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ எதுவும் சரி. மடிக்கணினி இருவருக்கு ஒன்று போதும். ஆளுக்கொன்று இருந்தாலும் பாதியை மூடி வைக்கச் சொல்லுங்கள், காரணம் பின்னால் வரும். மணிலா அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டென்னிஸ் பந்தும் வேண்டும்.

மொழியை முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் ஐந்து வருடம் மலாய்வழி இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலப் பாடநூல் என்று மூன்று மொழிகளைக் கடந்து வந்தவர்கள். யோசிப்பது எந்த மொழியில் ஓடுகிறதோ அதிலேயே ஓடட்டும். ரோஜாக் மாதிரி மொழிகளைக் கலந்து பேசினாலும் திருத்த வேண்டாம். கடைசி முப்பது நிமிடம் மட்டும் ஆங்கிலம். ஏற்கெனவே தமிழில் சொல்லித் தெளிந்த விஷயத்தையே அப்போது திரும்பச் சொல்வதால், சிந்தனையையும் இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டிய பாரம் இருக்காது.

முதல் சனி: கணினி வேண்டாம், கதை சொல்லுங்கள்

பாடநூல்கள் பலவும் விலங்கு, நாய், பூனை என்று தொடங்கும். அந்த உதாரணத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். நாய் குரைக்கும், பூனை கத்தும், அவ்வளவுதான். அதில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வாதாடவும் ஒன்றுமில்லை.

இந்த ஊரில் நல்ல உதாரணம் கண்ணெதிரே இருக்கிறது. செம்பனைக் குலை தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பழம் வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். ஆனாலும் வகுப்பில் யாராவது ஒருவரின் தாத்தா பழம் வெட்டியிருப்பார், ஒருவரின் சித்தப்பா லோரி ஓட்டுவார். அவரைக் கேட்டு வந்து கதையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

குலை நிறைந்த லோரி ஆலையின் எடைமேடையில் ஏறுகிறது. முதல் எடை பதிவாகிறது. பழத்தைக் கொட்டுகிறார்கள், தரம் பார்ப்பவர் காய்க்குலை எத்தனை என்று பார்க்கிறார். வெறும் லோரி திரும்பி மேடையில் ஏறுகிறது. முதல் எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் நிகர எடை. அது டிக்கெட்டில் அச்சாகிறது. அந்த டிக்கெட்டை வைத்துத்தான் பணம்.

சொல்பவரை இடைமறிக்க வேண்டாம். கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை: கதை முடிந்ததும் ஆளுக்கொரு கேள்வி. "புரியுதா?" என்ற கேள்விக்கு இந்த வகுப்பில் தடை. அதற்குப் பதில் எப்போதும் "ம்" தான். "லோரி கொட்டாமலே திரும்பி வந்தால் என்ன ஆகும்?" என்பது கேள்வி. "ஒரே லோரி ஒரே நாளில் இரண்டு நடை வந்தால் இரண்டு டிக்கெட்டா?" என்பதும் கேள்வி. இவற்றைப் பலகையில் எழுதி வைத்து அழிக்காமல் விடுங்கள். பின்னால் இவைதான் சோதனைக் குறிப்புகள்.

இரண்டாம், மூன்றாம் சனி: கார்டைப் பிடித்துக்கொண்டு பேசுவது

வகுப்பின் முதுகெலும்பு இதுதான். அவசரப்படாமல் இரண்டு வாரம் கொடுங்கள்.

கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த முறை இது. சிஆர்சி கார்டு என்பார்கள். ஒரு சின்ன அட்டை. மேலே கிளாஸின் பெயர் (லோரி, டிக்கெட் மாதிரி ஒரு வகை). இடது பக்கம் அதன் பொறுப்புகள்: என்ன தெரியும், என்ன செய்யும். வலது பக்கம் யாரிடம் உதவி கேட்கும். அட்டை சின்னதாக இருப்பது வேண்டுமென்றே. எழுத இடம் போதவில்லை என்றால் அந்தக் கிளாஸ் தலைக்கு மேல் வேலையை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். "பெரிய அட்டை தாங்கண்ணே" என்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

எந்தக் கிளாஸ்கள் வேண்டும் என்று கண்டுபிடிக்க, கதையில் வரும் பெயர்ச்சொற்களையெல்லாம் அடிக்கோடிடச் சொல்வது பழைய வழி. முதலாண்டு மாணவர்கள் அதைச் செய்தால் மழை, சாலை, டீசல் எல்லாம் கிளாஸாகிவிடும். ஒவ்வொரு தகவலையும் எடுத்து "இது யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்க வையுங்கள். லோரி எண் லோரிக்குத் தெரியும். இரண்டு எடைகளும் டிக்கெட்டுக்குத் தெரியும். இன்றைய விலை? இங்கே சண்டை வரும், வரட்டும்.

பிறகு கார்டுகளை ஆளுக்கொன்று கொடுத்து வட்டமாக நிற்க வையுங்கள். கார்டைப் பிடித்திருப்பவர்தான் அந்த ஆப்ஜெக்ட். விதிகள் மூன்று. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். தன் கார்டில் உள்ளதை மட்டும் சொல்லலாம். தெரியாததை இன்னொருவரிடம் பெயர் சொல்லிக் கேட்டு, பந்தை வீச வேண்டும். பதிலோடு பந்து திரும்பி வரும்.

ஆட்டம் இப்படிப் போகும். எடைமேடை பந்தோடு நிற்கிறது.

"டிக்கெட், முதல் எடை 14,260 கிலோ. பதிஞ்சுக்கோ."

"பதிஞ்சாச்சு."

அப்போது பணம் கொடுக்கும் கிராணி குறுக்கே பந்தைக் கேட்டு வாங்குகிறார். "டிக்கெட், நிகர எடை எவ்வளவு?"

டிக்கெட்டைப் பிடித்திருக்கும் பெண் கார்டைப் பார்க்கிறாள், விழிக்கிறாள். காலி எடை இன்னும் வரவில்லை. என்ன சொல்வது? பூஜ்யம் என்கிறான் ஒருவன். 14,260 என்கிறான் இன்னொருவன். அவளே கடைசியில் சொல்கிறாள்: "இன்னும் காலி எடை வரல, இப்ப கேட்டா சொல்ல மாட்டேன்." இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அவள் சொன்னதைப் பலகையில் எழுதுங்கள். பூஜ்யம் என்று பதில் சொல்லியிருந்தால் டிரைவருக்குப் பணமில்லை. 14,260 என்றிருந்தால் லோரியின் எடைக்கும் சேர்த்துப் பணம். மறுப்பதுதான் சரி. நிரல் இப்படி மறுத்து நிற்பதைக் குறிக்கும் எக்ஸெப்ஷன் என்ற சொல்லை அதற்குப் பிறகு அறிமுகப்படுத்துங்கள், அதற்கு முன் வேண்டாம்.

யாராவது பக்கத்து ஆளின் கார்டை எட்டிப் பார்ப்பார். "எட்டிப் பார்க்காதே, கேள்" என்று சொல்லுங்கள். என்கேப்சுலேஷனுக்கு அதைவிட நீளமான விளக்கம் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. இன்னொருவர் டிக்கெட்டிடம் போய், "உன் நிகர எடையை 9,000ன்னு மாத்திக்கோ" என்பார். டிக்கெட் ஒத்துக்கொண்டால் ஊரில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். நிகர எடையை வெளியிலிருந்து யாரும் எழுத முடியாது, இரண்டு எடைகளிலிருந்து கணக்கிடத்தான் முடியும் என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள்.

கிளாஸுக்கும் ஆப்ஜெக்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு, இரண்டாவது லோரியை வட்டத்துக்குள் அனுப்புங்கள். அதே வடிவக் கார்டு, வேறு எண், வேறு எடை. அச்சடித்த வெற்று டிக்கெட் புத்தகம் கிளாஸ் என்றால், நிரப்பிக் கிழித்த ஒவ்வொரு டிக்கெட்டும் ஆப்ஜெக்ட். அவ்வளவுதான், மேலே போகலாம்.

வெட்கப்படுபவரைப் பேச வைப்பது

மூன்றாம் சனியின் கடைசி முப்பது நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் கார்டாகவே எழுந்து நின்று மொத்தம் இரண்டு நிமிடம் பேச வேண்டும். முதலில் தமிழில், உடனே ஆங்கிலத்தில். எனக்கு என்ன தெரியும், என்ன செய்வேன், யாரிடம் கேட்பேன் என்ற மூன்று பகுதி போதும். "ஐ ஆம் அ டிக்கெட். ஐ நோ டூ வெயிட்ஸ். ஐ டோன்ட் நோ த ப்ரைஸ், ஐ ஆஸ்க் த ஆஃபிஸ்." இந்த அளவு ஆங்கிலத்தில் விழுந்து எழ யாருக்கும் பயமில்லை.

"உன்னைப் பற்றிச் சொல்லு" என்றால் ஊமையாகும் பிள்ளை, "டிக்கெட்டைப் பற்றிச் சொல்லு" என்றால் பேசிவிடும். பேசுவது டிக்கெட், தவறு வந்தாலும் டிக்கெட்டின் தவறு. முகமூடி போட்டுக்கொண்டு மேடையேறுவது மாதிரி ஒரு தைரியம். பல்கலைக்கழக நுழைவுக்கான மூயெட் ஆங்கிலத் தேர்வுக்காகப் பள்ளியில் செய்த பேச்சுப் பயிற்சி பெரும்பாலும் ஒரு தலைப்பில் கருத்துச் சொல்லும் பயிற்சி. இங்கே கருத்து தேவையில்லை, இருப்பதை ஒழுங்காக விவரித்தால் போதும்.

உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று: "அது", "இது", "அந்த திங்" என்று சுட்டிவிட்டுப் போவது. எது என்று பெயர் சொல்ல வையுங்கள். நிரலில் எக்ஸ், டெம்ப், டேட்டா2 என்று மாறிக்குப் பெயர் வைக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து குறையும்.

நான்காம், ஐந்தாம் சனி: கீபோர்டுக்கு வருதல்

இருவருக்கு ஒரு கணினி. ஒருவர் சொல்வார், ஒருவர் தட்டுவார். சொல்லாததைத் தட்டக்கூடாது, சொல்பவர் கீபோர்டைத் தொடக்கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறணும். வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனுக்குத்தான் இது பெரிய தண்டனை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தெரியாமல் திணறுவான். அவனை விட்டுவிடாதீர்கள், தொழிற்சாலையில் அவன் சம்பளம் வாங்கப்போவது சொல்லத் தெரிந்ததற்கும் சேர்த்துத்தான்.

எந்த மொழி? அவரவர் கல்லூரியில் ஜாவாவோ சி++ஓ இருக்கலாம். வகுப்பில் முதலில் பைதான், பிறகு அதே கார்டைக் கல்லூரி மொழியில் எழுதுவது என்று வையுங்கள். பைதான் 3இல் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. பைதான் தொடங்கும் நாளில், டிக்கெட் கிளாஸை எழுதி வைத்து இப்படி ஓட்டிக் காட்டுங்கள்:

டிக்கெட்1.முதல்_எடை_பதி(14260)
டிக்கெட்1.காலி_எடை_பதி(5840)
டிக்கெட்1.நிகர_எடை()

8420 என்று விடை வரும்போது முகங்களைப் பாருங்கள். அடுத்த வாரம் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம், கூட வேலை செய்யப்போகிறவர்கள் எல்லாரும் தமிழர்களாக இருக்க மாட்டார்கள்.

எடையை டன்னில் தசமமாக எழுதாமல் கிலோவில் முழு எண்ணாக எழுத வையுங்கள். பைதானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அதைத் தட்டிக் காட்டிவிட்டு, பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டு விட்டுவிடுங்கள்.

பைதானில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் செல்ஃப். மெத்தட் (ஆப்ஜெக்ட் செய்யும் வேலை ஒன்று) எழுதும்போது அடைப்புக்குறிக்குள் அதை விட்டுவிடுவார்கள். நிரலை ஓட்டினால், ஆர்குமென்ட் (உள்ளே கொடுக்கும் தகவல்) எதுவும் வாங்காத மெத்தடுக்கு ஒன்று கொடுக்கப்பட்டது என்று பிழை வரும். "நான் எதுவுமே கொடுக்கலையே!" என்று மாணவன் கணினியோடு சண்டை போடுவான். டிக்கெட் கார்டைப் பிடித்திருந்த பெண்ணைக் கூப்பிடுங்கள். "என் முதல் எடையிலிருந்து என் காலி எடையைக் கழிப்பேன்" என்றுதானே அவள் சொல்வாள், அந்த "என்" தான் செல்ஃப். எந்த டிக்கெட்டைக் கேட்டோமோ அந்த டிக்கெட்டையே பைதான் சத்தமில்லாமல் முதல் ஆர்குமென்டாக அனுப்புகிறது.

ஒரு எச்சரிக்கை. பைதானில் தனிப்பட்ட மாறி என்பது முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு "தொடாதே" என்று கேட்டுக்கொள்வதோடு சரி. ஜாவாவிலும் சி++இலும் ப்ரைவேட் என்று எழுதினால், நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும். கார்டை எட்டிப் பார்க்கக்கூடாது என்ற விதியைக் கண்கூடாகக் காட்ட ஜாவாதான் வசதி.

பலகையில் முதல் வாரம் எழுதிய கேள்விகளை இப்போது ஒவ்வொன்றாக நிரலிடம் கேளுங்கள். காலி எடை முதல் எடையைவிட அதிகமாக வந்தால்? இரண்டாவது முறை முதல் எடை பதிந்தால்?

ஆறாம் சனி: சம்பள நாள்

பாலிமார்ஃபிஸத்துக்கும் (ஒரே கேள்விக்கு ஒவ்வொன்றும் தன் வழியில் பதில் சொல்வது) இன்ஹெரிட்டன்ஸுக்கும் (தாய்க் கிளாஸிடமிருந்து பிள்ளைக் கிளாஸ் பெறுவது) சம்பளக் கணக்கைவிட நல்ல களம் இல்லை. பழம் வெட்டுபவருக்கு டன் கணக்கு. உதிரிப் பழம் பொறுக்குபவருக்கு மூட்டைக் கணக்கு. புல் வெட்டுபவருக்கு நாள் கூலி. கிராணி ஒவ்வொருவரையும் கேட்பது ஒரே கேள்வி: "இந்த மாசம் எவ்வளவு?" கணக்குப் போடும் விதம் அவரவருடையது.

முதலில் எல்லாவற்றையும் ஒரே மெத்தடில் இஃப், எல்ஸ் போட்டு எழுத விடுங்கள். ஓடும். அப்புறம் மருந்து அடிப்பவர் என்று புது வேலை ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். சம்பள மெத்தடில் ஓர் இடம், சம்பளச் சீட்டு அச்சிடும் இடம், ஆண்டறிக்கை என்று எத்தனை இடத்தைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு தொழிலாளி என்ற தாய்க் கிளாஸும் அதிலிருந்து பழம் வெட்டுபவர், நாள் கூலிக்காரர் என்று பிள்ளைக் கிளாஸ்களும் எழுதட்டும். புதுசாக ஒருவர் வந்தால் ஒரு கிளாஸ் கூட்டினால் போதும் என்று மகிழ்வார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்க வேண்டாம். ஒருவர் பதினைந்து நாள் பழம் வெட்டிவிட்டு, மழை வந்ததால் மீதி நாள் நாள் கூலிக்குப் போனார் என்று சொல்லுங்கள். அவர் எந்தக் கிளாஸ்? ஆப்ஜெக்ட் பாதி மாதத்தில் கிளாஸை மாற்றிக்கொள்ளப் போகிறதா? இங்கே அரை மணி நேரம் வாதம் நடக்கும், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது முக்கியம். தொழிலாளி என்பது ஒரே கிளாஸாக இருக்கட்டும், அவரிடம் ஒன்றோ இரண்டோ சம்பள முறைகள் இருக்கட்டும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இன்ஹெரிட்டன்ஸை எடுத்தவுடன் பயன்படுத்தாமல், ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும் காம்போசிஷனை முதலில் யோசி என்று தேர்ந்த நிரலாளர்கள் சொல்வதன் காரணம் அப்போது புரியும்.

அடுத்த திருப்பம் குறைந்தபட்சச் சம்பளம். 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாக இருந்தது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. டன் கணக்கில் வேலை செய்பவருக்கும் மாதச் சம்பளம் அதற்குக் குறையக்கூடாது. இந்த விதியை எங்கே எழுதுவது? பலர் ஒவ்வொரு சம்பள முறைக்குள்ளும் எழுதுவார்கள். மேலே சொன்ன ஆளையே கொண்டுவாருங்கள். பழம் வெட்டி 1,120 ரிங்கிட், நாள் கூலி 460. மொத்தம் 1,580, ஆகவே 120 சேர்த்துக் கொடுக்க வேண்டும். சம்பள முறைகள் தனித்தனியே 1,700க்கு உயர்த்தினால் 3,400 போய்விடும். "அப்படியே கொடுத்தாத்தான் என்ன சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும், சிரித்து முடித்துவிட்டுத் தொடருங்கள். விதி மாத மொத்தத்தைப் பற்றியது, ஆகவே மொத்தம் தெரிந்த இடத்தில்தான் எழுத முடியும். சட்டம் மாறும்போது திருத்த வேண்டிய வரியும் ஒன்றே.

அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த வாதத்தில் அமைதியாக இருப்பதில்லை. எந்த இணைப்பும் இல்லாத உதாரணத்தில் இந்தச் சூட்டை வரவழைக்க முடியாது.

ஏழாம் சனி: எழுத்து

இது சின்ன வேலை, ஒரு வகுப்பே அதிகம். "சார், கோட் ஜாலான் ஆகல" (ஓடவில்லை) என்று வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பும் பழக்கத்துக்கு மாற்று, மூன்று வரி: என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது. விரிவுரையாளருக்கு எழுதும் மின்னஞ்சலும் இதே மூன்று வரிதான், வணக்கமும் மாணவர் எண்ணும் கூடுதல். ஒரு ஜோடி எழுதியதை இன்னொரு ஜோடியிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்து அதே பிழையை வரவழைக்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் திருப்பி எழுத வேண்டியதுதான்.

எட்டாம் சனி: வீட்டாரும் வெளியாரும்

கடைசி வாரம் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். லோரி ஓட்டும் சித்தப்பாவும் தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டியும் வரிசையில் உட்காரட்டும். பத்து காவானிலோ கூலிமிலோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர், முடிந்தால் தமிழ் தெரியாதவர், பக்கத்தில் இருக்கட்டும். ஒரே வடிவமைப்பைப் பெரியவர்களுக்குத் தமிழில் ஐந்து நிமிடம், பொறியாளருக்கு ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்க வேண்டும். பாட்டியிடம் கிளாஸ், மெத்தட் என்ற சொற்கள் செல்லாது. பொறியாளரிடம் அவை இல்லாமல் முடியாது. ஸ்லைடு வேண்டாம், கார்டும் ஓடும் நிரலும் மட்டும்.

பெரும்பாலும் பெரியவர்கள் பக்கத்திலிருந்துதான் கடினமான கேள்வி வரும். "காய்க்குலைக்குக் கழிப்பாங்களே, அது எங்கப்பா?" என்று ஒரு மாமா கேட்பார். தரம் பார்ப்பவர் முதல் நாள் கதையிலேயே இருந்தார், கார்டில் ஏறாமல் விட்டுப்போயிருப்பார். மாணவர் அங்கேயே சமாளிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். "மாமா, அதை நாங்க சேர்க்கலை. எத்தனை சதவீதம் கழிப்பாங்க, யார் முடிவு பண்ணுவாங்க?" என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். பதிலைக் கார்டில் எழுதிக்கொண்டு, எந்தக் கிளாஸ் மாறும், எது மாறாது என்று அங்கேயே சொல்ல வேண்டும்.

மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால், நிரல் ஓடுவதற்குப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதிக்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு ஜோடியின் கார்டுகளை எடுத்து, அதை முன்பின் பார்க்காத இன்னொரு மாணவரிடம் நீட்டி, ஐந்து நிமிடம் கழித்து விளக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் விளக்கினால் மதிப்பெண் கார்டை எழுதியவர்களுக்கு.